இரண்டு ஆமாம்

அத்தியாயம் 6

மதியம் ஒன்றேகால். காலையிலிருந்து கல்லூரியில் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த மூன்று கேன்களையும் காவலாளி கவிழ்த்து மண்ணில் கொட்டியிருந்தார். அந்த ஈரத்தை மிதிக்கக்கூடப் பயந்து எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். கேன்டீனைப் பூட்டியாகிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைக்கூட நம்பாமல், முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்.

எங்கள் குற்றவியல் துறையின் செய்முறை அறையில் விஷ மாதிரிகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. காலை ஆறரைக்கு அதன் பூட்டு உடைந்து கிடந்தது. ஏழாம் எண் பாட்டிலைக் காணோம். ஏழாம் எண்ணுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, அரை ஸ்பூன் போதும். இதை முதல் வருடமே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இன்று மதியத்துக்குள் கணக்குத்துறை, வரலாற்றுத்துறை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

எடுத்தது யார் என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கேன்களை நிரப்புகிற ஆயா. அறைகளைப் பெருக்கித் துடைக்கிற ஆயா. அவளைப் பிரின்சிபால் அறையில் நிற்க வைத்திருந்தார்கள். மூன்று மணிக்குப் போலீஸைக் கூப்பிட்டு ஒப்படைப்பதாகத் திட்டம். அதற்குள் பாட்டில் கிடைத்தால் கல்லூரியின் பெயர் தப்புமாம்.

அந்த ஆயா என் அம்மா.

இது இங்கே யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்: "நீ படிக்கிற இடத்துல நான் உனக்கு யாரோ. எதிர்ல பார்த்தா சிரிக்கக்கூடக் கூடாது." எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மாணவியாக மிதித்த முதல் ஆள் நான். மூன்று வருடம் அவள் சொன்னபடி நடந்தேன். அவள் துடைத்த ஈரத்தில் கால் வைத்துக் கடந்து போனேன், சிரிக்காமல். அந்தக் கோபம் என்னிடம் எப்போதும் உண்டு. இன்று கோபத்துக்கு மேல் பயம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"டிஎஸ்பி அம்மா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எனக்கு எதாவது ஆச்சுன்னா என் நோட்டை யாருக்கும் கொடுக்காதே. உள்ள ஒண்ணும் எழுதல. மானம் போயிடும்."

இவள் ரேடியோ. டிஎஸ்பி அம்மா என்பது அவள் எனக்கு வைத்த பெயர். என் பெஞ்ச். தையல்காரர் மகள். அணைக்கிற பித்தான் இல்லாத ரேடியோ.

எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தது இன்ஸ்பெக்டர் சார். போலீஸில் ஓய்வு பெற்றுவிட்டு எங்களுக்குப் புலனாய்வு அடிப்படைகள் எடுப்பவர். காலையில் மைதானத்தில் நின்ற எங்களைப் பார்த்து, "மூணு வருஷமா பொம்மைக் குற்றக் களம். இன்னைக்கு நிஜக் களம். வரைபடம் போட ரெண்டு பேர் வேணும். இருபது மார்க்" என்றார்.

என் அம்மா தலைக்கு இருபது மார்க். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

செய்முறை அறை நீளமானது. இந்தக் கோடியில் வாசல். அந்தக் கோடியில் நடுவே விஷ அலமாரி, இடது மூலையில் கழுவுமிடத்தின் கதவு. வாளியும் துடைப்பமும் அங்கேதான் இருக்கும். எழுத்துத் தேர்வுகள் முடிந்து செய்முறைத் தேர்வு மட்டும் எங்களுக்குப் பாக்கி. நேற்று மதியம் காலடி அச்சு வார்க்கும் பயிற்சியில் பிளாஸ்டர் மூட்டை கிழிந்து மாவு கொட்டியது. "காலையில ஆயா பார்த்துக்கும்" என்று முப்பது பேரும் வீட்டுக்குப் போய்விட்டோம். நானும்தான். மின்விசிறியை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. விடிவதற்குள் அது மாவை அறை முழுக்கப் பரப்பி, எங்கள் காலடிகளை மூடி, வெள்ளை விரிப்பு விரித்த மாதிரி வைத்திருந்தது.

அந்த விரிப்பில் இரண்டே தடம்.

ஒன்று ரப்பர் செருப்பு. வாசலிலிருந்து நேராக அலமாரிக்கு. அங்கிருந்து நேராக வாசலுக்கு. இடது குதிப்பக்கம் தேய்ந்த செருப்பு. யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் தினமும் கிடப்பது.

இன்னொன்று வெறுங்கால். வாசலிலிருந்து இடது சுவரை ஒட்டியே கழுவுமிடம் வரை போய், அதே வழியில் திரும்பியிருந்தது. கழுவுமிடத்தின் கதவருகே வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் பட்ட இடத்தில் மாவு கட்டிக் கட்டியாகக் கல்லாகியிருந்தது.

"ஒருத்தி நடுரோட்டுல போயிருக்கா. இன்னொருத்தர் ஒழுங்கா நடைபாதையில போயிருக்கார்" என்றாள் ரேடியோ.

"அந்த நடைபாதைதான்டி விஷயம். களத்துக்குள்ள நடுவுல கால் வைக்காதே, சுவரோரமா போ. நம்ம முதல் பாடம் என்ன?"

"அதேதான்."

"வெளியாள் திருட வந்தா எப்படிப் போவான்? நேரா அலமாரிக்கு. சுவரை ஒட்டிச் சுத்திட்டுப் போறவன் இந்தப் பாடம் படிச்சவன்." அந்தத் தடம் அலமாரி வரை போகவே இல்லை என்பதை, அம்மாவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நான் யோசிக்கவில்லை.

"அப்ப நம்ம வகுப்புன்னு சொல்றியா? முப்பது பேர்ல இருபத்தெட்டுப் பேருக்குப் பாடம் இன்னும் மண்டையிலயே ஏறலியேடி, கால்ல எப்படி இறங்கும்?"

"நம்ம வகுப்பு இல்ல. நாம கால்ல காகித உறை மாட்டிட்டு வருவோம். இது வெறுங்கால். இந்த அறைக்குள்ள வெறுங்காலோட, சுவரோரமா வர்ற ஒரே ஆள்…"

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

இன்ஸ்பெக்டர் சார் நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்தினார். வெறுங்காலோடு, இடது தோள் சுவரை உரச, ஒவ்வோர் அடியாக எங்களை நோக்கி வந்தார். குள்ளமான மனிதர். சின்னப் பாதம்.

ரேடியோ என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன கண்டுபிடிச்சே?"

வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இன்னும் முடிக்கல சார்."

"மறைக்காதே. காட்டு."

வாங்கிப் பார்த்தார். சுவரோரத் தடத்தை நான் இரண்டு கோடு போட்டு அழுத்தி வரைந்திருந்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு தன் வலது காலைத் தூக்கி, அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் மெதுவாகப் பதித்து எடுத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்.

"நான்னு நினைச்சே. இல்ல?"

மூடிய கதவு, ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத மைதானம், அலமாரியில் இன்னும் பதினொரு பாட்டில். ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர். கல்லூரிக்கே அவர் சூப்பிரண்டு சார். சேர்க்கை, தேர்வு, விடைத்தாள் எல்லாம் அவர் கையில். பளபளவென்று கறுப்பு ஷூ, கையில் ஒரு கோப்பு. அவருக்குப் பின்னால் என் அம்மா.

"நடந்ததை இவளே காட்டட்டும்னு பிரின்சிபால் மேடம் சொல்லிட்டாங்க" என்றார். "ம், போ. எப்படிப் போனே, எங்க நின்னே, காட்டு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. காலில் செருப்பில்லை. அது ஒரு பையில் சாட்சியாகப் பிரின்சிபால் மேசையில் இருந்தது. வாசலைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பினாள். யாரும் சொல்லவில்லை. சுவரை ஒட்டி ஒடுங்கி, ஒவ்வோர் அடியாகக் கழுவுமிடத்தின் கதவு வரை போனாள். அவள் கால், அங்கே ஏற்கெனவே இருந்த தடத்தின் மேலேயே போய் விழுந்தது. விரலுக்கு விரல், குதிக்குக் குதி.

என் படித்த திருடன், என் பெரிய கண்டுபிடிப்பு, எல்லாம் என் அம்மாவின் கால். மூன்று வருடம் இந்தக் கட்டடத்தில் அவளைப் பார்க்காமல் நடந்த எனக்கு, அவள் எப்படி நடக்கிறாள் என்று தெரிந்திருக்கவில்லை.

"ஏன் ஓரமா போறே?" இன்ஸ்பெக்டர் சார் குரல் மாறியிருந்தது.

"நீங்கதானே சார் சொன்னீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல, நடுவுல கால் வெச்சா பிள்ளைங்க பாடம் கெட்டுரும்னு சத்தம் போட்டீங்க. அதுலேர்ந்து எப்பவும் ஓரமாத்தான்."

"செருப்பு?"

"வாசல்லயே விட்டுருவேன். இதுக்குள்ள போட்டுட்டு வரக் கூடாதுல்ல."

"காலையில?"

"விட்டுட்டு ஓரமா வந்து, உள்ள வாளியைப் பிடிச்சேன் சார். அந்தக் குழாய் போடற சத்தத்துல ஒண்ணும் கேட்காது. வெளிய வந்து பார்த்தா அலமாரி திறந்து கிடக்கு. வாளி கையிலேர்ந்து நழுவிருச்சு."

இன்ஸ்பெக்டர் சார் குனிந்து தடத்தைப் பார்த்தார். "மூணு வருஷமா என் பாடத்தை ஒழுங்காப் படிச்ச ஒரே ஆள்" என்று முணுமுணுத்தார்.

"சார், இதெல்லாம் இப்ப ஜோடிக்கிற கதை" என்றார் சூப்பிரண்டு. "மேடம் முன்னாடி நான்தான் விசாரிச்சேன். எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கா."

"செருப்பு அவங்களோடதா இருக்கலாம் சார்" என்று நான் சொன்னேன். "அதுக்குள்ள இருந்த கால் யாரோடது?"

சூப்பிரண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததைவிட அம்மா பார்த்ததுதான் என்னை நிறுத்தியது. யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தாள். வேண்டாம்.

"உனக்கு எதுக்கு பாப்பா இந்த வேலையெல்லாம்? போய்ப் படிம்மா" என்றாள், வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரி.

போலீஸ் வருகிறது, விஷம் வைத்ததாகப் பழி. அதையெல்லாம் விட வேறு எதற்கோ அவள் அதிகம் பயப்படுகிறாள்.

சூப்பிரண்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் ரேடியோ செருப்புத் தடத்தின் பக்கத்தில் குந்தினாள். மூக்கு தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"டிஎஸ்பி, இந்தச் செருப்புக்கு வால் முளைச்சிருக்கு."

ஒவ்வொரு செருப்புத் தடத்துக்கும் பின்னால் பிறை மாதிரி ஒரு சின்ன அழுத்தம். செருப்புக்குள் அடங்காமல் பின்னால் தொங்கிய குதிகால்.

"பெரிய கால். பாதிதான் நுழைஞ்சிருக்கு" என்றேன்.

"நுழையாது. பிறைக்குள்ள பாரு, கண்ணி கண்ணியா இருக்கு. இது தோல் இல்லடி, பின்னல் துணி. எங்கப்பா கடையில பொறந்து வளர்ந்தவ சொல்றேன். சாக்ஸ் போட்ட காலை ரப்பர் செருப்புல விட்டா விரல் வாருக்குள்ள போகுமா? இழுத்துக்கிட்டே நடந்திருக்கார் மகானுபாவர்."

ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தடம் அவளுடையதாக விழ வேண்டும் என்பதற்காகவே.

இன்ஸ்பெக்டர் சார் மணி பார்த்தார். இரண்டு இருபது. "ஷூ போடறவங்க இந்தக் காலேஜ்ல எழுபது பேர் இருப்பாங்க. போ, அந்த வாக்குமூலத்தைப் படிச்சுட்டு வா. பதிலை அப்புறம் பாரு. முதல்ல கேள்வி என்னன்னு பாரு."

ரேடியோவை வெளியே நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் அலுவலகத்துக்குள் போனேன். எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். சூப்பிரண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் இரும்பு அலமாரி. விடைத்தாள் கட்டுகள் இருக்கிற அலமாரி.

வாக்குமூலம் கேட்டதும் தாராளமாக எடுத்து நீட்டினார். முழுத்தாளில் இரண்டே வரி.

இந்தச் செருப்பு உன்னுடையதா? ஆமாம்.

இன்று காலை அந்த அறைக்குள் போனாயா? ஆமாம்.

கீழே அம்மாவின் கையெழுத்து. நான் ஐந்தாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. இரண்டும் உண்மை. ஒரு பொய்கூட இல்லாமல் ஒருத்தியைக் கொலைகாரியாக்க இரண்டு வரி போதும்.

"செருப்போட உள்ள போனாயான்னு மூணாவது கேள்வி கேட்கலையா சார்?"

"உட்காரு" என்றார் சாந்தமாக. "நல்லாப் படிக்கிற பொண்ணு நீ. கடைசிப் பரீட்சையும் எழுதியாச்சு. உன் கட்டு இதோ, என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு."

நான் உட்காரவில்லை.

"சேர்க்கைப் படிவத்துல தாயார் தொழில்னு ஒரு இடம் இருக்கும். அதைச் சரிபார்க்கிறது யாரு? நான்தான். மூணு வருஷமா யார்கிட்டயாவது வாயைத் திறந்திருப்பேனா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கம்மாவுக்கு நல்ல புத்தி. எப்ப பேசக் கூடாதுன்னு தெரியும். உனக்கும் அந்தப் புத்தி இருக்கும்னு நம்பறேன். ஒரு விடைத்தாள் தொலைஞ்சா ஒரு வருஷம் போச்சு. நாலு தொலைஞ்சா நீயும் வாளி தூக்க வேண்டியதுதான்."

மேசையில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "குடி. உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

நான் தொடவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அதை எடுத்து மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்தார். இன்னொரு தம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தார்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மேசைக்கடியில் அவர் ஒரு ஷூவைப் பாதி கழற்றி, குதிகாலை நாற்காலிக் காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றாள் ரேடியோ.

"அவர் தண்ணி குடிச்சார்."

"குடிக்கட்டுமே, வயசான மனுஷன், தொண்டை…" பாதியில் நின்றாள். "இன்னைக்கா?"

"ரெண்டு தம்ளர்."

ரேடியோ தன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டாள். "பிரின்சிபாலே காலையிலேர்ந்து எச்சிலை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்காங்கடி."

"பாட்டில் எங்க இருக்குன்னு தெரியாதவங்க எல்லாரும் பயப்படறோம். இந்தக் கட்டடத்துல பயப்படாத ஆள் ஒருத்தர்தான்."

"தைரியசாலின்னு சொல்லித் தப்பிச்சுடுவாரே."

"அவர் குதிகால் அப்படிச் சொல்லாது. பிளாஸ்டர் மாவு ஈரம் பட்டா என்ன ஆகும்?"

"கல்லாகும்."

"சாக்ஸுல மாவு. மேல ஷூ. காலையிலேர்ந்து வேர்வை."

ரேடியோ என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "ஆயாவுக்காக நீ ஏண்டி இப்படி நடுங்கறே? உனக்கு அவங்க என்ன வேணும்?" என்றாள்.

பிரின்சிபால் அறையைப் பார்த்து நடந்தேன். நடை பாதியில் நின்றுவிட்டது. சுவரில் கை வைத்தேன். அங்கே போய் நான் வாயைத் திறந்தால் அந்த இரும்பு அலமாரியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திறக்காவிட்டால் மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். அம்மா எதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்பதும் இப்போது புரிந்தது. என்னைக் கேட்காமலேயே. அந்த நினைப்பில் வந்த ஆத்திரம்தான் காலை நகர்த்தியது.

பிரின்சிபால் மேடம் அறையில் மணி இரண்டு ஐம்பது. மேடம் கையில் தொலைபேசி. இன்ஸ்பெக்டர் சார் ஜன்னலோரம். அம்மா சுவரோரம். எங்களுக்குப் பின்னாலேயே கோப்போடு சூப்பிரண்டும் வந்து சேர்ந்தார்.

"மேடம், சூப்பிரண்டு சார் ஷூவைக் கழட்டணும்."

"என்ன பேசறே நீ?" என்று மேடம் எழுந்தார்.

"பாப்பா, வேண்டாம்" என்றாள் அம்மா.

"மரியாதை தெரியாத கழுதை" என்று சூப்பிரண்டு கத்தினார். "உன் கட்டு…" என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எந்தக் கட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர் சார்.

சூப்பிரண்டு வாசலைப் பார்த்து நடந்தார். மூன்றாவது அடியில் முகம் சுருங்கியது. வலது காலைச் சாய்த்து வைத்தார்.

"என்ன சார், கல்லு குத்துதா?" என்றாள் ரேடியோ.

வாசலை மறித்தபடி இன்ஸ்பெக்டர் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. கழட்டுங்க. இல்லேன்னா போலீஸ் வந்து கழட்டும்."

ஷூ வந்தது. சாக்ஸின் குதிப்பக்கம் வெள்ளையாக, மொடமொடவென்று, ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் சார் அதைத் தட்டினார். டொக் என்றது.

"நேத்து முப்பது பேர் அச்சு வார்த்தோம். ஒண்ணுகூட உருப்படல" என்றாள் ரேடியோ. "சூப்பிரண்டு சாருக்கு மட்டும் முழு மார்க்."

சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அலுவலகத்து இரும்பு அலமாரியில், இறுதியாண்டுக் கட்டுகளுக்குப் பின்னால், ஏழாம் எண் பாட்டில். அம்மாவின் தரை துடைக்கும் துணியில் சுற்றி, அவள் பைக்குள் போடத் தயாராக. மூடியில் முத்திரை உடையவில்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. யாரையும் கொல்வதற்காக எடுத்ததில்லை. என் அம்மாவின் செருப்பை அந்த அறைக்குள் நடக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்பதற்கான பதிலும் அந்த அலமாரியிலேயே இருந்தது. கட்டுகளில் இரண்டின் அரக்கு முத்திரை உடைந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்ட ஒருத்தியின் பேச்சை இனி யாரும் நம்பக் கூடாது. மேடம் அதைப் பார்த்தபடியே நாற்காலியில் சரிந்தார்.

இன்ஸ்பெக்டர் சார் பழைய வாக்குமூலத்தைக் கிழிக்காமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். புதிய தாள் ஒன்றை மேசையில் விரித்தார். அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, இந்த ஆள் கட்டைப் பிரிக்கிறதை நீங்க பார்த்தீங்களா? நான் நடுவுல கேள்வி கேட்கல. உங்களுக்குத் தெரிஞ்சதை முதல்லேர்ந்து சொல்லுங்க."

அம்மா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. கட்டு பிரிந்தது வெளியே வந்தால் இறுதியாண்டுத் தேர்வே செல்லாது. என் தேர்வும்தான். மூன்று வருடம் அவள் துடைத்த தரையெல்லாம் அதற்காகத்தான்.

இன்ஸ்பெக்டர் சார் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீதான் இதைக் கண்டுபிடிச்சே. நீயே எழுது."

வாங்கினேன். மூடியைக் கழற்றினேன். தாளில் தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"என்ன?"

"நான் எழுதக் கூடாது சார்" என்றேன். "சாட்சிக்குச் சொந்தக்காரங்க வாக்குமூலம் எழுதினா செல்லாது."

ரேடியோ அணைந்திருந்தாள்.

"இல்ல சார்!" என்று அம்மா பதறினாள். "இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது சார். படிக்கிற பிள்ளை, ஏதோ இரக்கத்துல சொல்லுது. எனக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாது."

நான் மேடத்துக்கு எதிரே இருந்த மெத்தை நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன். காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்ற கால்கள்.

"உட்காரும்மா" என்றேன். "எல்லாத்தையும் சொல்லு. எனக்கு என்ன ஆனாலும் சொல்லு."

அவள் உட்கார மறுத்தாள். தோளைப் பிடித்து அழுத்தினேன். நாற்காலியின் விளிம்பில், பாதி உடம்போடு உட்கார்ந்தாள். என் கையை விடவில்லை.

ரேடியோ வந்து என் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். மேசையோரம் மண்டியிட்டு, தாளை நேராக்கி வைத்துக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்றாள்.

அம்மா தொண்டையைச் செருமினாள். மேடத்தைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், கடைசியாக ஒற்றைக் காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்த சூப்பிரண்டைப் பார்த்தாள்.

"போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் அவர் அறைக் குப்பையை எடுக்கப் போனேன்" என்று ஆரம்பித்தாள். "கதவு சாத்தியிருந்துச்சு. ஆளில்லைன்னு நினைச்சுத் திறந்துட்டேன்."

பேனா ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் என் பட்டம் ஒரு படி கீழே இறங்குவது எனக்குத் தெரிந்தது. பயம் போகவில்லை. நிறுத்து என்று நான் சொல்லவும் இல்லை.